பத்து, இருபது, முப்பது: நகர மரங்களுக்கு ஒரு விதி போதுமா?

நகரங்களில் மரம் வளர்ப்பது பற்றி மேலை நாடுகளில் வெளியாகும் கையேடுகளைப் புரட்டுபவர்கள் மூன்று எண்களை அடிக்கடி சந்திப்பார்கள். பத்து, இருபது, முப்பது. ஒரு நகரத்தின் மொத்த மரங்களில் எந்தச் சிற்றினமும் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது. எந்தப் பேரினமும் 20 சதவீதத்தைத் தாண்டலாகாது. எந்தக் குடும்பமும் 30 சதவீதத்தைத் தாண்டலாகாது. விதி இவ்வளவுதான்.

மாணவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஆல், அரசு, அத்தி மூன்றும் வெவ்வேறு சிற்றினங்கள். ஆனால் ஃபைகஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பலா வேறு பேரினம். ஆயினும் ஆலும் பலாவும் மோரேசி என்னும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். எனவே, ஆயிரம் மரங்கள் உள்ள ஓர் ஊரில் ஆலமரம் நூறுக்கு மிகாமலும், ஆல் அரசு அத்தி எல்லாம் சேர்ந்து இருநூறுக்கு மிகாமலும், பலாவையும் கூட்டினால் முந்நூறுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது இவ்விதியின் கட்டளை.

இதை வகுத்தவர் ஃபிராங்க் சாண்டமூர். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரத் தோட்டத்தில் மரபியல் ஆராய்ச்சி செய்தவர். 1990ஆம் ஆண்டு ஒரு மாநாட்டுக்கு அவர் எழுதிய கட்டுரையில் இந்த எண்கள் இடம்பெற்றன. பல ஆண்டு சோதனை செய்து கண்ட முடிவு அல்ல இது. அனுபவசாலி ஒருவரின் கைக்கணக்கு. அவருக்கு முன்பே, ஒரு சிற்றினம் 5 சதவீதம் இருந்தால் போதும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் நினைவில் நிற்கும்படி அமைந்தது சாண்டமூரின் வாய்பாடுதான். மரக் கணக்கெடுப்பு நடத்தும் நகரங்கள் தம்மை அளந்து பார்த்துக்கொள்ளும் முழக்கோலாக அது ஆகிவிட்டது.

இந்த முழக்கோல் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்விதி பயனுள்ளது. ஆனால் ஒரு நோய் வந்தால் எத்தனை மரம் போகும் என்பதற்குத்தான் இது வரம்பு கட்டும். நோய் வராமல் காக்காது, வந்த நோயை நிறுத்தாது. வரம்பைக் காப்பு என்று எண்ணிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நூறாண்டு வரலாறு சாட்சி இருக்கிறது. அது எல்ம் மரத்தின் வரலாறு.

எல்முக்குத் தமிழில் பெயர் இல்லை. அது குளிர் நாட்டு மரம். ஆனால் நம் வறண்ட காடுகளில் வளரும் ஆயா மரம் அதற்கு உறவு. நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய வட்டச் சிறகுமாக இருக்கும் ஆயாவின் காயைப் பார்த்தவர்கள் எல்மின் காயை ஏறக்குறையப் பார்த்தவர்களே. அமெரிக்க எல்மின் அடிமரம் நேராக உயர்ந்து, மேலே பூச்சாடி போல விரியும். தெருவின் இருபுறமும் நட்டால் கிளைகள் நடுவில் கூடிப் பந்தல் போட்டுவிடும். இறுகிய மண்ணையும் வீதியின் புழுதியையும் பொறுத்துக்கொள்ளும். இப்படி ஒரு மரம் கிடைத்தால் எந்த நகராட்சிதான் வேறு மரத்தைத் தேடும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஊர்கள் தெருத் தெருவாக எல்மையே நட்டன.

முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் வடமேற்கு ஐரோப்பாவில் எல்ம் மரங்கள் வாடத் தொடங்கின. காரணம் ஒரு பூசணம் என்பதை நெதர்லாந்தில் பேயா ஷ்வார்ட்ஸ் என்ற இளம் பெண் ஆராய்ச்சியாளர் 1922இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. கிறிஸ்டீன் பைஸ்மன் என்ற மற்றொரு பெண்மணி சில ஆண்டுகளுக்குப் பின் அதை ஐயமற நிறுவினார். இருவரும் யோஹன்னா வெஸ்டர்டைக் அம்மையாரின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்கள். அவர்கள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. நோய்க்கு ‘டச்சு எல்ம் நோய்’ என்று பெயர் வந்துவிட்டது! நோய் அந்த நாட்டில் பிறந்ததல்ல. அதைக் கண்டுபிடித்தவர்கள்தாம் அந்த நாட்டவர்.

நோய் பரவும் முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விதியின் குறை அங்கேதான் தெரியும். செத்துக்கொண்டிருக்கும் எல்மின் பட்டைக்கடியில் ஒருவகைச் சிறு வண்டுகள் முட்டையிட்டுக் குடும்பம் பெருக்குகின்றன. அங்கு பூசணமும் வளர்கிறது. புதிதாக வெளிவரும் வண்டு, உடம்பில் பூசண வித்துக்களைச் சுமந்துகொண்டு, நலமாக உள்ள எல்மை நாடிப் பறந்து அதன் இளங்கிளைக் கவட்டைக் கடித்துத் தின்கிறது. காயத்தின் வழியாகப் பூசணம் நுழைந்து, வேரிலிருந்து நீர் ஏறும் சைலக் குழாய்களில் பரவுகிறது. மரம் சும்மா இருப்பதில்லை. எதிரியை மடக்க எண்ணித் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. அடைப்பு மிஞ்சும்போது தண்ணீர் மேலே ஏறாது. கோடையின் நடுவில் இலைகள் மஞ்சளாகிச் சுருள்கின்றன. செத்த மரம் அடுத்த தலைமுறை வண்டுகளுக்கு வீடாகிறது.

இன்னொரு வழியும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் நின்ற எல்ம்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டு வழியாகப் பூசணம் வண்டின் உதவியே இல்லாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடும். சாலை ஓரத்தில் வரிசையாக நட்ட எல்ம்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்ததற்கு இதுவும் காரணம்.

இந்த இடத்தில் விதியைப் பொருத்திப் பாருங்கள். ஒரு நகரத்தில் எல்ம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 சதவீதமும் நகரமெங்கும் தனித்தனியாகச் சிதறி நிற்கலாம். நான்கே தெருக்களில் தோளோடு தோள் நிற்கலாம். முதல் நகரத்தில் வேர்வழித் தொற்றுக்கு இடமே இல்லை. இரண்டாவதில் அந்த நான்கு தெருக்களும் மொட்டையாகும். சதவீதக் கணக்கில் இரண்டும் ஒன்று. சாண்டமூர் இதை அறியாதவர் அல்லர். தெருவுக்குத் தெரு வேறு மரமாக, ஒருமையான பட்டைகளை நகரமெங்கும் கலந்து பரப்பலாம் என்று அவர் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். கட்டுரையின் தலைப்பிலேயே பன்மை, ஒருமை, பொது அறிவு என்று மூன்றையும் வைத்தார். பிற்காலத்தார் முதற்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போயின.

நிபந்தனையோடு சொன்னதை நிபந்தனையை உதிர்த்துவிட்டுப் படிப்பது புதிய பழக்கமல்ல. பிரிட்டனில் எல்ம் நோய் 1927இல் கண்டறியப்பட்டது. டி. ஆர். பீஸ் என்ற வனத்துறை நோயியல் அறிஞர் அதை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். நோய் பல மரங்களைக் கொன்றது. பிறகு வேகம் தணிந்தது. தாக்குண்ட மரங்கள் பல தேறின. 1960இல் வனத்துறைக்காக அவர் எழுதிய அறிக்கையில், நோய் தன் போக்கை முற்றிலும் மாற்றிக்கொண்டாலன்றி முன்பு அஞ்சிய பேரழிவு நேராது என்ற கருத்தைச் சொன்னார். தம் கையிலிருந்த சான்றுகளுக்கு நேர்மையான முடிவு அது. ‘மாற்றிக்கொண்டாலன்றி’ என்ற சொல்லை அவர் வைத்தது வாக்கிய அழகுக்காக அல்ல. ஆனால் நிம்மதி தரும் பாதியே பலர் மனத்தில் நின்றது.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் போக்கை மாற்றிக்கொண்டது. தெற்கு இங்கிலாந்தில் எல்ம்கள் முன் எப்போதும் காணாத வேகத்தில் மடிந்தன. கிளைவ் பிரேசியரும் ஜான் கிப்ஸும் 1973இல் காரணத்தை வெளியிட்டார்கள். வட அமெரிக்காவிலிருந்து பட்டையோடு கப்பலேறி வந்த பாறை எல்ம் என்ற வகைத் தடிகளில் கொடிய பூசணம் ஒன்று ஒளிந்து வந்திருந்தது. அது பழைய பூசணத்தின் வீரியம் கூடிய வடிவம்கூட அல்ல, தனிச் சிற்றினமே என்று பிரேசியர் 1991இல் அதற்குப் புதுப்பெயர் சூட்டினார். பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம்கள் அழிந்தன. எல்ம் இல்லாத கிராமப்புறத்தைக் கற்பனை செய்யவும் முடியாதிருந்த நாட்டில், ஒரு தலைமுறை அம்மரத்தை ஓவியங்களில் மட்டுமே பார்த்து வளர்ந்தது.

இங்கிலாந்தின் எல்ம் ஏன் இப்படி ஒட்டுமொத்தமாக விழுந்தது? 2004இல் லூயிஸ் கில் தலைமையில் ஸ்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு விடை தந்தார்கள். இங்கிலீஷ் எல்ம் விதை வைப்பது அரிது. வாழையைப் போல வேரடியில் பக்கக்கன்று விட்டே பெருகுகிறது. அதன் மரபணுக்களைப் பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலி மரங்களில் ஒப்பிட்டபோது எல்லாம் ஒரே மரத்தின் பிரதிகள் போலிருந்தன. கொலுமெல்லா என்ற ரோமானிய வேளாண்மை அறிஞர் திராட்சைக் கொடி ஏற்றுவதற்குப் பரிந்துரைத்த எல்ம் அதுதான் என்பது அவர்கள் முடிவு. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே மரம் ஊர் ஊராகப் போத்து வைத்துப் பரப்பப்பட்டிருக்கிறது. ஒன்றைக் கொல்லத் தெரிந்த பூசணத்துக்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு இது அன்னியக் கதையாகத் தோன்ற வேண்டியதில்லை. மிளகுக் கொடியும் வெற்றிலைக் கொடியும் படர நம்மவர்கள் கல்யாண முருங்கையைப் போத்து வைத்து வளர்ப்பார்கள். 2004இல்தான் அறிவியல் பெயர் பெற்ற ஒரு நுண்ணிய குளவி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கு வந்து அம்மரத்தின் இலைக்காம்பிலும் குருத்திலும் முட்டையிட்டது. குருத்துகள் வீங்கி முடிச்சு முடிச்சாகி, மரங்கள் பட்டுப்போயின. அதே குளவி 2005இல் ஹவாய்த் தீவுகளில் நட்ட மரங்களோடு நிற்காமல், அதே பேரினத்தைச் சேர்ந்த காட்டு மரமான விலிவிலியையும் தாக்கியது. பேரினத்துக்கு வரம்பு வைத்த சாண்டமூரின் முன்யோசனையை இந்த இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். பூச்சிகளும் பூசணங்களும் பெரும்பாலும் உறவு முறை பார்த்தே தாக்குகின்றன.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். அங்கு 1930இல் ஓஹையோ மாநிலத்தில் எல்ம் நோய் கண்டறியப்பட்டு, பின் வந்த பத்தாண்டுகளில் தெருப் பந்தல்களைக் கலைத்தது. வெறிச்சோடிய தெருக்களில் என்ன நடுவது? விரைவாக வளரும், எந்த மண்ணிலும் பிழைக்கும், பெரிய நோய் எதுவும் இல்லாத மரம் ஒன்று தேவைப்பட்டது. பல நகரங்கள் ஆஷ் மரத்தைத் தேர்ந்தெடுத்தன. ஆஷ் நல்ல மரம். எல்மும் நல்ல மரமாகத்தான் இருந்தது.

2002இல் டெட்ராய்ட் நகரை ஒட்டிய பகுதியில் மரகதப் பச்சை நிறத்தில் மின்னும் ஒரு துளைப்பான் வண்டு அடையாளம் காணப்பட்டது. ஆசியாவிலிருந்து, பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டத்தில் வந்திருக்க வேண்டும். அதன் புழு பட்டைக்கடியில் வளைந்து வளைந்து குடைந்து மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடுகிறது. செத்த ஆஷ் மரங்களின் ஆண்டு வளையங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, 1990களின் நடுப்பகுதிக்குள்ளாகவே வண்டு அங்கு குடியேறிவிட்டது தெரிந்தது. பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கு முன் பல ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் வேலை செய்திருக்கிறது. வட அமெரிக்காவில் அதனால் மாண்ட ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில்தான் எண்ண வேண்டும்.

இது நிழலும் அழகும் போன கதை மட்டுமல்ல. அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த ஜெஃப்ரி டோனோவனும் உடன் ஆய்ந்தவர்களும் 15 மாநிலங்களின் 1990 முதல் 2007 வரையிலான இறப்புக் கணக்கை எடுத்து, வண்டு வந்த மாவட்டங்களையும் வராத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். வண்டு வந்த பகுதிகளில், நுரையீரல் நோய்களால் 6,113 மரணங்களும் இதய, இரத்தநாள நோய்களால் 15,080 மரணங்களும் கூடுதலாக நேர்ந்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள். இது ஒப்பீட்டு ஆய்வு. மரம் செத்ததால்தான் மனிதர் இறந்தார் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மரச் சாவை நகராட்சியின் தோட்டப் பிரிவு மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமாக ஒதுக்கவும் முடியாது.

விதியைப் பின்பற்றி ஆஷைக் குறைவாக நட்ட நகரம் குறைவாக இழந்தது. இது கூட்டல் கணக்கு, மறுப்பதற்கில்லை. விதியின் வெற்றி இவ்வளவு. இனி அது தடுமாறும் இடங்களைப் பார்ப்போம்.

எல்லாப் பூச்சிகளும் உறவு முறை பார்ப்பதில்லை. 1996இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு மேப்பிள், பிர்ச், எல்ம், வில்லோ, குதிரைக் கஷ்கொட்டை என்று பல குடும்பத்து மரங்களையும் குடைகிறது. இப்போது காகிதத்தில் ஒரு நகரத்தை உண்டாக்குவோம். மொத்தம் 10,000 மரங்கள். மேப்பிள் பேரினம் 2,000. அதில் இரண்டு சிற்றினங்கள், ஒவ்வொன்றும் 1,000. பிர்ச் ஒரு சிற்றினம் 1,000, எல்ம் ஒரு சிற்றினம் 1,000, வில்லோ ஒரு சிற்றினம் 1,000. மீதி 5,000 வேறு பலவகை. சிற்றினம் 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. பேரினம் 20ஐத் தாண்டவில்லை. குடும்பம் 30ஐத் தாண்டவில்லை. விதிப்படி இந்நகரம் முழு மதிப்பெண் பெறும். அந்த ஒரே வண்டு வந்தால் சரிபாதி மரங்கள் ஆபத்தில் இருக்கும். மேப்பிள் மிகுந்த வூஸ்டர் என்ற மாசசூசெட்ஸ் நகரில் 2008இல் இந்த வண்டு தென்பட்டு, அதை ஒழிப்பதற்காக 30,000க்கு மேற்பட்ட மரங்கள் வெட்டி அகற்றப்பட்டன. வூஸ்டர் விதியை மீறிய நகரம் என்று சொல்லலாம். நம் காகித நகரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல வழியில்லை.

குடும்பம் என்ற எல்லைக்கோடும் நிலையானதல்ல. சாண்டமூர் எழுதியபோது மேப்பிளும் குதிரைக் கஷ்கொட்டையும் வெவ்வேறு குடும்பங்கள் என்றே பொதுவாகக் கருதப்பட்டன. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும், நம் பூந்திக்கொட்டை மரத்தோடு சேர்ந்து, ஒரே குடும்பம். அப்படியானால் அன்று தேறிய நகரம் ஒரு மரம்கூட நடாமலே இன்று தோற்றுப்போகலாம். நம் ஊர்ச் சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: புளி, புங்கம், தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை, சரக்கொன்றை, வாகை. எல்லாம் அவரைக் குடும்பம். சில நூல்கள் இவற்றை மூன்று குடும்பங்களாகப் பிரித்தன. இன்று ஒரே குடும்பமாகவே கொள்கிறார்கள். முதல் கணக்கில் தேறும் சாலை இரண்டாவதில் தேறாது. வண்டுகள் வகைப்பாட்டு நூல்களைப் பார்த்துத் தின்பதில்லை என்பது வேறு விஷயம்.

எண்கள் நடைமுறைக்கு எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். உலகின் 108 நகரங்களின் மரக் கணக்கெடுப்புகளை டேவ் கெண்டலும் உடன் ஆய்ந்தவர்களும் தொகுத்து 2014இல் வெளியிட்டபோது, ஒரு நகரத்தில் மிகுதியாக உள்ள சிற்றினம் சராசரியாக 20 சதவீதம் இருந்தது. விதியைப்போல் இருமடங்கு. குளிரும் வறட்சியும் கடுமையான ஊர்களில் பிழைக்கக்கூடிய மரங்களே சில. அங்கு விதியை நிறைவேற்ற வேண்டுமானால், ஊருக்கு ஒவ்வாத மரங்களைக் கணக்குக்காக நட்டு, கணக்கெடுப்பு முடிந்த பின் சாகவிட வேண்டியதுதான்.

இந்த ஆபத்தைச் சாண்டமூருக்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகர மரங்களை ஆராய்ந்த நார்மன் ரிச்சர்ட்ஸ் 1983இல் எழுதிய கட்டுரை அது. பன்மைக்காகவே பன்மை என்று சோதித்தறியாத மரங்களை நடுவதைவிட, அந்த ஊரில் நிலைத்து வாழ்ந்து காட்டிய மரங்களை நம்புவது மேல் என்பது அவர் வாதம். அதைவிட முக்கியமாக, மரத்தின் வயதைப் பார்க்கச் சொன்னார். தண்டின் குறுக்களவு 20 சென்டிமீட்டருக்குக் குறைந்த இளமரங்கள் 40 சதவீதம், 20 முதல் 40 வரை 30 சதவீதம், 40 முதல் 60 வரை 20 சதவீதம், அதற்கு மேற்பட்ட பெருமரங்கள் 10 சதவீதம் என்று ஒரு படிவரிசையை முன்வைத்தார். இதுவும் கைக்கணக்குதான். ஆனால் பத்து-இருபது-முப்பதில் அறவே இல்லாத ஒரு பொருள் இதில் இருக்கிறது: காலம். நூறு வகை மரங்களை ஒரே ஆண்டில் நட்ட நகரத்தில் அவை ஏறக்குறைய ஒன்றாகவே கிழடுதட்டும். என்னைக் கேட்டால், இரண்டு விதிகளில் எளிதில் மறக்கப்பட்ட விதியே மதிப்பு மிக்கது.

சரி, மரங்களைக் காப்பாற்றிய ஊர் எதுவும் இல்லையா? உண்டு. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் இன்றும் ஆயிரக்கணக்கான எல்ம்கள் நிற்கின்றன. ஒருபுறம் கடலும் மறுபுறம் மரம் குறைந்த சுண்ணக் குன்றுகளும் இருப்பதால் வண்டுகள் வெளியிலிருந்து வருவது குறைவு. இயற்கை தந்த அந்த உதவியை நகரம் வீணாக்கவில்லை. 1970களின் தொடக்கம் முதல் கோடைதோறும் ஆட்கள் தெருத் தெருவாக நடந்து, மஞ்சளாகும் கிளையைத் தேடுகிறார்கள். நோய்கண்ட கிளையை உடனே வெட்டுகிறார்கள். மரம் தேறாது எனில் வண்டுகள் வெளிவருமுன் அடியோடு அகற்றுகிறார்கள். வேர் ஒட்டை அறுக்கக் குழி தோண்டுகிறார்கள். எல்ம் விறகை ஊருக்குள் கொண்டுவந்து அடுக்குவதே அங்கு குற்றம் போலப் பார்க்கப்படுகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரும் இதே போன்ற கண்காணிப்பால், நோயைத் தாங்கும் புது வகைகளையும் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 30,000 எல்ம்களைக் கால்வாய்க் கரைகளில் வைத்திருக்கிறது. இந்த இரண்டு நகரங்களும் எல்மைச் சதவீதத்துக்குள் அடக்கிப் பிழைக்கவில்லை. பார்ப்பதற்கு ஆளும், வெட்டுவதற்குப் பணமும் ஒதுக்கிப் பிழைத்தன. மழை பெய்தாலும் தேர்தல் வந்தாலும் கோடைதோறும் செய்ய வேண்டிய வேலை அது. ஒருமுறை கணக்கெடுத்துச் சான்றிதழ் மாட்டிவிடும் வேலையல்ல.

காடுகளுக்கு வந்தால் இவ்விதியின் எல்லை இன்னும் தெளிவாகும். பிரிட்டனின் சுண்ணாம்பு மண் காடுகளில் ஆஷ் இயல்பாகவே மிகுந்து வளரும். அதை 10 சதவீதமாக்கு என்று காட்டுக்கு உத்தரவிட முடியாது. 2012இல் அங்கே ஆஷ் மரத்துக்கு வேறொரு பகை வந்தது. வண்டு அல்ல, கிழக்காசியாவில் பிறந்த ஒரு பூசணம். அதே ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில், நெதர்லாந்திலிருந்து இறக்குமதியான கன்றுகளில் காணப்பட்டது. அக்டோபரில் நார்ஃபோக் பகுதிக் காட்டிலும் காணப்பட்டது. இறக்குமதிக்குத் தடை வந்தது அந்த மாதக் கடைசியில். பிரிட்டனில் சேகரித்த விதைகூடக் கடல் தாண்டிப் போய்க் கன்றாகத் திரும்பிவந்த காலம் அது. அந்நோய் காற்று வழியாகவும் வந்திருக்கிறது என்பதால் பழி முழுவதையும் வணிகத்தின் மேல் போடுவது சரியல்ல. ஆயினும் பாறை எல்ம் தடிகளின் பாடம் நாற்பதாண்டுகளுக்குப் பின்னும் படிக்கப்படாமல் கிடந்தது என்பதை எப்படி மறைப்பது?

இங்கே ஆராய்ச்சியாளர்கள் தந்த அறிவுரை எல்முக்குத் தந்ததற்கு நேர் மாறானது, அது சரியானதும்கூட. ஆஷின் பூசணம் கீழே உதிர்ந்த இலைக்காம்புகளில் குளிர்காலத்தைக் கழித்து, கோடையில் அங்கிருந்து நுண்வித்துக்களைக் காற்றில் விடுகிறது. ஆகவே நோயுற்ற மரத்தை வெட்டி எரிப்பதால் பரவல் நிற்காது. ஆஷ் மரங்களில் ஒரு சிறு பகுதி இந்நோயைப் பிறவியிலேயே தாங்கக்கூடியவை. அவை எவை என்பது சில ஆண்டு காத்திருந்தால்தான் தெரியும். பயந்துபோய் எல்லாவற்றையும் வெட்டினால் தாங்கும் மரமும் சேர்ந்தே போய்விடும். எனவே சாலையோரத்திலும் பள்ளியருகிலும் விழுந்து ஆபத்து விளைவிக்கக்கூடியவற்றை மட்டும் வெட்டுங்கள், காட்டுக்குள் நலமாக உள்ளவற்றை நிற்கவிடுங்கள் என்றார்கள். எல்மை விரைந்து வெட்டு. ஆஷைப் பொறுத்து வெட்டு. எதிரி எப்படிப் பயணம் செய்கிறான் என்பதைப் பார்த்துச் சொன்ன அறிவுரைகள் இவை. விதைவழிப் பிறந்த ஆஷ் காட்டில் மரத்துக்கு மரம் மரபு மாறுவதால்தான் தாங்கும் மரம் என்ற ஒன்றே அங்கு இருக்கிறது. பக்கக்கன்று வழிப் பெருகிய இங்கிலீஷ் எல்மில் தேடி எடுக்க அப்படி ஒன்றும் இல்லை. ஒரே சிற்றினத்துக்குள் உள்ள இந்த வேறுபாட்டைப் பத்து சதவீதம் என்ற எண் எப்படிக் காட்டும்?

சாண்டமூர் பணியாற்றிய அதே தேசிய மரத் தோட்டம் 1995இல் நோயைத் தாங்கும் இரண்டு அமெரிக்க எல்ம் வகைகளை வெளியிட்டது. ஒன்றன் பெயர் வேலி ஃபோர்ஜ், மற்றொன்று நியூ ஹார்மனி. ஆண்டுக்கணக்கான சோதனையில் தேறிய அருமையான மரங்கள். எல்ம் பந்தலை மீண்டும் பார்க்க ஏங்கும் ஊர்கள் அவற்றை விரும்பி வாங்குகின்றன. நாற்றுப்பண்ணைகள் அவற்றை விதையிலிருந்து வளர்ப்பதில்லை. விதையில் வளர்த்தால் தாங்கும் குணம் அப்படியே வரும் என்ற உறுதி இல்லை. ஒரே தாய்மரத்தின் போத்துகளாகவே பெருக்குகின்றன. பத்தாயிரம் மரங்கள் உள்ள நகரம் ஒன்று ஆயிரம் வேலி ஃபோர்ஜ் கன்றுகளை வாங்கி ஒரே பருவத்தில் நான்கு தெருக்களில் வரிசையாக நட்டால், ரோமானியர் செய்ததையே அது செய்திருக்கும். விதிப்படி அதில் ஒரு பிழையும் காண முடியாது.